மின்னாத பக்கம்

அத்தியாயம் பதினான்கு

"சின்னவளுக்கு அந்த அளவுக்கு மனசு வராது" என்று உங்களில் பாதிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர், "அந்த அண்ணியைச் சும்மா விடக் கூடாது" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கட்சிக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. மனசு வந்துவிட்டது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. சின்னவள் ரேடியோ, டேப், சிடி பிளேயர் பழுதுபார்க்கும் கடையில் மெக்கானிக். வயது முப்பத்தொன்று. அண்ணன் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறான். அண்ணி, கல்யாணத்துக்கு முன் மேடையில் ஆடியவள். ஒன்பது வருஷமாக அடுப்படியில் ஆடுகிறாள். இடுப்பு ஒடிந்த அப்பா கூடத்துக் கட்டிலில்.

இந்த வீட்டுக்கு ஓர் அச்சகக்காரர் மாப்பிள்ளையாக வர இருந்தார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பிளேயரை மூன்று தடவை பழுது என்று கொண்டுவந்து கொடுத்த மனிதர். மூன்றாவது தடவை சின்னவளே கேட்டுவிட்டாள், "பழுது பிளேயர்லயா, உங்ககிட்டயா?" என்று. அப்படி ஆரம்பித்த விஷயம், நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு தொலைபேசியில் முடிந்துபோயிற்று. பெண்ணுக்கு மனசு சரியில்லை, மாத்திரையில்தான் ஓடுகிறாள் என்று அவர் வீட்டுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"உன் அண்ணிதான் போன்ல உளறிட்டா" என்றான் அண்ணன். அண்ணி மறுக்கவில்லை.

அன்றைக்குச் சின்னவள் அழவில்லை. என் மேடையைச் சரித்தவளின் மேடையை நான் சரிக்காமல் விடமாட்டேன் என்று கறுவிக்கொண்டாள். அந்த மேடை இன்றைக்கு, மாலை நாலு மணிக்கு. பெரிய நடனக் குழு ஒன்று ஆசிரியை வேலைக்கு ஆள் எடுக்கிறது. ஏழு நிமிஷம் ஆடிக் காட்ட வேண்டும். இசையை அவரவரே கொண்டுவர வேண்டும்.

*

காலை பத்து மணிக்கு அண்ணி கடைக்கு வந்தாள். கையில் அவளுடைய சிடி பிளேயர். மூடியின் ஓரம் தேய்ந்து வெளுத்துப்போன வட்டப் பெட்டி. அதற்குள் ஒரு சிடி.

"சின்னு, லென்ஸைத் துடைச்சுப் புது பேட்டரி போட்டுக் கொடு. அப்படியே ஒரு காப்பி எடுத்துடேன். இது ஒண்ணுதான் இருக்கு. வாசிச்சவங்க எல்லாம் ஆளுக்கொரு மூலைக்குப் போயாச்சு."

"காப்பி எடுக்கிற மிஷின் மூணு நாளா படுத்துக் கிடக்கு, அண்ணி."

அந்த மிஷின் சின்னவளின் முதுகுக்குப் பின்னால் பச்சை விளக்கோடு ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தது. எது எந்த மிஷின் என்று அண்ணிக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் ஒரு சிடியைச் சட்டையில் சுற்றிச் சுற்றித் துடைத்தபடி உள்ளே வந்தார். சின்னவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"சுத்திச் சுத்தித் துடைக்காதீங்க சார். நடுவுலேர்ந்து ஓரத்துக்கு, நேர் கோடா."

"கீறல் விழுந்துடுச்சும்மா. போச்சா?"

"மின்னுற பக்கம்தானே? தேய்ச்சு எடுத்துடலாம். எல்லாரும் இந்தப் பக்கத்தைத்தான் கண்ணு மாதிரி பார்த்துக்கறாங்க. பாட்டு இருக்கறது இங்க இல்ல. மேல, பேர் எழுதியிருக்கு பாருங்க, அதுக்கு அடியில. அந்தப் பக்கம் கீறினா கடவுளே வந்தாலும் சரி பண்ண முடியாது."

அண்ணி சிரித்துவிட்டாள். "அடடா! இத்தனை வருஷமா தப்பான பக்கத்துக்கு இல்ல காவல் காத்திருக்கேன்!"

சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள். சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டு இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

மருந்துக்கடைக்காரரை அனுப்பிவிட்டுக் கடைசிப் பாட்டை ஓடவிட்டாள். அண்ணி ஆடப்போவது அதற்குத்தான். ஐந்தாவது நிமிஷம் வந்ததும் பேட்டரியைப் பிடுங்கினாள். லென்ஸ் நின்ற இடத்திலேயே நின்றது. மூடியைத் திறந்து, நடுவிலிருந்து லென்ஸ் எவ்வளவு தூரம் என்று அளவுகோல் வைத்துப் பார்த்தாள். சிடியை எடுத்து மேல் பக்கத்தில் அதே தூரத்தைக் குறித்தாள். அங்கே அண்ணியின் பழைய கையெழுத்து வளைந்து போயிருந்தது. எழுத்தின் வளைவு மேலேயே ஊசியை வைத்து, அழுத்தி, ஒரு விரற்கடை நீளத்துக்கு இழுத்தாள். மைக்கோட்டுக்குள் கீறல் மறைந்துகொண்டது.

போட்டுப் பார்த்தாள். அந்த இடத்தில் லென்ஸ் முட்டி முட்டித் திரும்பியது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இது நாற்பது நொடிப் பாட்டை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் ரகம். பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் பாட்டு அறுபடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. நாற்பது நொடி தீர்ந்தது. சத்தம் செத்தது.

சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

*

மதியம் சின்னவள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி அடுப்படியில் தயாராக நின்றாள். அவளுடைய ஒத்திகை எப்போதும் அங்கேதான். பிளேயர் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். இரண்டு ஆள் நீளத்துக்கு ஒட்டுப்போட்ட இயர்போன் கம்பி அவள் காது வரைக்கும் தொங்கும். அந்த ஒட்டைப் போட்டுக் கொடுத்ததும் சின்னவள்தான், இருவரும் நல்லபடியாக இருந்த காலத்தில். இசை அண்ணியின் காதுக்கு மட்டும். பார்க்கிறவர்களுக்குச் சத்தமே இல்லாமல் ஒருத்தி குதிப்பதுதான் தெரியும். கூடத்துக் கட்டிலில் கிடக்கும் அப்பா கதவு வழியாக ஒன்பது வருஷமாக அந்த ஊமை ஆட்டத்தைப் பார்க்கிறார்.

"கொண்டா சின்னு, கடைசியா ஒரு தடவை ஆடிப் பார்த்துடறேன்."

சின்னவள் பிளேயரைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். இங்கேயே ஆடினால் இங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

காப்பாற்றியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன்.

"இங்க ஆடி ஆடிக் களைச்சுப்போய் அங்க போய் என்ன பண்ணுவே? பேட்டரியும் தீர்ந்துடும். என்கிட்ட இருக்கட்டும்" என்று பிளேயரை வாங்கிக்கொண்டு போய்க் கார் டேஷ்போர்டில் வைத்துப் பூட்டினான். ஒரு மணி நேர வகுப்பு பாக்கி இருந்தது. காரோடும் பிளேயரோடும் கிளம்பிவிட்டான்.

அந்தக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. அண்ணனை அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் விடவில்லை. யார் எங்கே கிளம்பினாலும் அவன் கால் பிரேக்கைத் தேடும். அண்ணி வேலைக்குப் போவதில் அவனுக்கு இஷ்டமே இல்லை. அப்புறம் எப்படி இந்தத் தேர்வுக்கு மட்டும் தலையாட்டினான் என்று சின்னவள் யோசித்ததே இல்லை. கோபம் கண்ணை மறைத்தால் பக்கத்தில் இருப்பது எப்படித் தெரியும்?

*

இரண்டரை மணிக்குக் கிளம்பினார்கள். அண்ணன் ஓட்டினான். பெண்கள் இருவரும் பின்னால். கற்றுக்கொள்பவர்களுக்குக் கவனம் சிதறும் என்று காரிலிருந்த டேப்பை அவன் எப்போதோ கழற்றியிருந்தான். அண்ணி கெஞ்சிக் கூத்தாடிப் பிளேயரைத் திரும்ப வாங்கினாள்.

"முதல் பாட்டு மட்டும் கேளுங்க. கடைசிப் பாட்டுக்குப் பேட்டரி வேணும்" என்றாள் சின்னவள். 

"சரிங்க மெக்கானிக் மேடம்" என்று அண்ணி ஒரு இயர்போனைத் தன் காதிலும் இன்னொன்றைச் சின்னவளின் காதிலும் செருகினாள். சாலை குண்டும் குழியுமாக இருந்தது. மடியில் பிளேயர் துள்ளியது. பாட்டு துள்ளவில்லை.

பெட்ரோல் போடுமிடத்தில் அண்ணன் இறங்கி டயருக்குக் காற்றுப் பிடிக்கப் போனான். அண்ணி காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள்.

"சின்னு, ஆடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். இல்லன்னா எனக்குக் கால் எழும்பாது."

"சொல்லுங்க."

"அந்த போன் நான் பண்ணல."

சின்னவள் தன் காதிலிருந்த இயர்போனையும் கழற்றினாள்.

"நீ போயிட்டா அப்பாவை யார் பார்த்துப்பான்னு உன் அண்ணன் நாலு நாள் புலம்பினார். அஞ்சாவது நாள் அவரே போனை எடுத்துப் பேசிட்டார். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்புறம் ஏன் நீங்கன்னு சொன்னாரு?"

"அவர்னு தெரிஞ்சா நீ வீட்டை விட்டே போயிடுவியாம். நான்னா கோபத்தோட போயிடுமாம். நான் வாயை மூடிக்கிட்டா..."

"மூடிக்கிட்டா?"

அண்ணி கைக்குட்டையை முறுக்கினாள். "இந்தத் தேர்வுக்குக் கூட்டிட்டுப் போறேன்னார்."

"ஆக, என் கல்யாணத்தைக் கொடுத்துட்டு உங்க மேடையை வாங்கிட்டீங்க."

"ஆமா. பண்ணது பாவம்தான். ஒன்பது வருஷம் சத்தமில்லாம ஆடியிருக்கேன், சின்னு. புத்தி கெட்டுப்போச்சு." அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "இந்த வேலை மட்டும் கிடைக்கட்டும். நாளைக்கே உன்னைக் கூட்டிட்டு அச்சகத்துக்குப் போறேன். அவர்கிட்ட உண்மையை நானே சொல்றேன். கிடைக்கலன்னா இவர் தயவுலதான் இருக்கணும். அப்ப எனக்கு வாய் வராது. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

நினைத்துப் பாருங்கள். அண்ணியின் மேடை என்று நினைத்து இவள் கீறிவைத்தது தன் கல்யாணத்தைத்தான்.

சொல்லிவிடலாம். "அண்ணி, அந்த சிடியை நான் நாசம் பண்ணிட்டேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வாயைத் திறக்கவும் திறந்தாள். அதற்குள் அண்ணன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்ன, ரெண்டு பேரும் மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க? ஏதாவது துக்க வீட்டுக்கா போறோம்?"

சின்னவள் அவன் பின்கழுத்தையே பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போன அண்ணன். அவள் முதல் ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது ஸ்க்ரூ பொறுக்கிக் கொடுத்த அண்ணன். தங்கை பைத்தியம் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான். ஒரு மாதமாக அண்ணிக்கென்று சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் முன் இருக்கைக்கு இடம் மாறியது. இடம் மாறியதே தவிர, அதில் ஒரு சொட்டு குறையவில்லை.

போகும் வழியில் அவள் ஒரே ஒரு முயற்சி செய்தாள், அதையும் கோழையைப் போலத்தான் செய்தாள்.

"அண்ணி, கடைசிப் பாட்டுக்குப் பதிலா முதல் பாட்டுக்கு ஆடினா என்ன?"

"விளையாடறியா? அதுக்கு நான் ஒரு அடிகூடப் பழகல."

அவ்வளவுதான். அதற்கு மேல் சின்னவள் வாயைத் திறக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

*

அரங்கத்தில் நாற்காலிகள் காலி. முன் வரிசையில் தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் தடித்த கண்ணாடி போட்ட அம்மாள். சின்னவள் மேடையோரத்தில் ஸ்டூல் போட்டு, பிளேயரிலிருந்து ஒலிபெருக்கிக்குக் கம்பியைச் செருகி உட்கார்ந்தாள்.

அண்ணி நடுவில் வந்து நின்றாள். சின்னவள் பொத்தானை அழுத்தினாள்.

அடுப்படியில் யாருக்கும் கேட்காத இசை இப்போது சுவர்களில் மோதித் திரும்பியது. ஊமை ஆட்டத்துக்கு வாய் வந்துவிட்டது. கண்ணாடி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். இரண்டாவது நிமிஷத்தில் பக்கத்திலிருந்தவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அண்ணியின் பாதம் பலகையில் விழும் ஒவ்வொரு அடியும் சின்னவளின் நெஞ்சில் விழுந்தது. இப்படி ஆடுவாள் என்று தெரியாதே!

ஐந்தாவது நிமிஷம். மூடியின் மேல் வைத்திருந்த விரல் நுனியில் மோட்டார் தடுமாறியது. லென்ஸ் முட்டிவிட்டது. இசை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. இன்னும் நாற்பது நொடி. அந்த அரங்கத்தில் அது தெரிந்தது ஒருத்திக்குத்தான்.

நிறுத்து என்று கத்தலாமா? கத்தி என்ன ஆகும்? முப்பது. இருபது. அண்ணி சுழன்று வந்து, சின்னவளைப் பார்த்து, சந்தோஷத்தில் லேசாகக் கண்ணைச் சிமிட்டினாள். பத்து.

இசை அறுந்தது.

அண்ணி நிற்கவில்லை. அரை நொடி திகைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடுப்படியில் ஆடுவதைப் போல ஆடி முடித்தாள். மூச்சிரைப்பும் காலடியும் தவிர வேறு சத்தம் இல்லை.

கண்ணாடி அம்மாள் எழுந்து வந்தாள். "நிறுத்தாம ஆடினீங்களே, அது நல்லா இருந்துச்சு. ஆனா இசையோட சேர்ந்து முடியுதான்னு நாங்க பார்க்கணும்மா. ஆறு மணி வரைக்கும் இருப்போம். பாட்டைச் சரி பண்ணிட்டு வாங்க, இன்னொரு தடவை பார்க்கறோம்."

*

வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணி ஓட்டமும் நடையுமாக வந்து சிடியைச் சின்னவளின் கையில் திணித்தாள்.

"ஒன்றரை மணி நேரம் இருக்கு. தேய்ச்சுக் கொடு. உன்னால முடியும்."

"முடியாது, அண்ணி."

"ஏன்? மின்னுற பக்கம் சுத்தமாத்தானே இருக்கு?"

அண்ணி சிடியைத் திரும்பப் பிடுங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அவளுடைய கையெழுத்தின் வளைவில், விரற்கடை நீளத்துக்கு, வெளிச்சம் கோடாக ஊடுருவி வந்தது.

"இது தானா விழுந்ததா, சின்னு? நீ மெக்கானிக். நீயே சொல்லு."

இந்த இடத்தில் உண்மை சொன்னால் எல்லாம் போய்விடும். பொய் சொன்னால்? யோசித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. வார்த்தை தானாக வந்தது.

"தானா விழல. யாரோ போட்டிருக்காங்க." சொல்லிவிட்டுக் காரில் சாய்ந்து நின்ற அண்ணனைப் பார்த்தாள். நிதானமாக, அண்ணி பார்க்கும்படி பார்த்தாள். "மதியம் ஒரு மணி நேரம் அண்ணன்கிட்டதானே இருந்துச்சு."

அண்ணியின் முகம் மெல்லத் திரும்பியது. ஒன்பது வருஷம் மிதிபட்ட பிரேக் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

"நீங்களா?"

"என்ன நானா? எனக்கு என்ன தெரியும்?"

"போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தா வீட்லயே கிடந்திருப்பேனே! கூட்டிட்டு வந்து, அவங்க முன்னாடி நிக்க வெச்சு..." அண்ணி உடைந்து அழுதாள்.

"சத்தியமா நான் தொடல! டேஷ்போர்டைத் திறக்கவே இல்ல!"

அண்ணன் வியர்த்தான். தங்கையின் பேரைக் கெடுத்தபோது வியர்க்காதவன், செய்யாத குற்றத்துக்கு வியர்த்து நின்றான். சின்னவளுக்கு உள்ளே ஜிலுஜிலுவென்று இருந்தது. நல்லா வேணும். இன்னும் நல்லா வேணும்! செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறதா?

அண்ணன் சிடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு ஏதோ கிடைத்துவிட்டவனைப் போலக் கத்தினான்.

"ஏய், யோசிச்சுப் பாரு! நான் கெடுக்கணும்னு நினைச்சா இந்த மின்னுற பக்கத்துல இல்ல கீறியிருப்பேன்? பேர் எழுதின பக்கத்துல எவனாவது கீறுவானா? அதுல கீறினா பாட்டு போயிடும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் முழு உண்மை பேசினான். என்ன பேசினோம் என்று அவனுக்கே புரியவில்லை.

அண்ணிக்குப் புரிந்தது. அவள் அழுகை நின்றது. சிடியை அவனிடமிருந்து வாங்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேர் கோடாக, கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்தாள். பிறகு சின்னவளின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் கீறினா," என்றாள், காலையில் கடையில் சின்னவள் சொன்ன அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில், "கடவுளே வந்தாலும் சரி பண்ண முடியாது. இல்ல, சின்னு?"